சுழன்ற காழும் குடிபெயர்ந்த உணவும்: டோனர், யீரோஸ், ஷவர்மா – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நாம் அடுக்களையில் நாள்தோறும் சொல்லும் பெயர்களைச் சற்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பொரியல், அவியல், வறுவல், துவையல், மசியல் – இவை யாவும் தொழிற்பெயர்கள். எதைப் பொரித்தார்கள், எதை அவித்தார்கள் என்பது அந்தப் பெயர்களுக்குள் இல்லை. செய்கை மட்டுமே இருக்கிறது. பொருளைச் சொல்ல வேண்டுமானால் கத்தரிக்காய்ப் பொரியல் என்று நாம்தான் முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதே இலக்கணத்தில் பெயர் பெற்ற ஓர் உணவு துருக்கியில் பிறந்து, கிரேக்கத்திலும் அரபு நாடுகளிலும் வளர்ந்து, பெர்லினிலும் மெக்சிகோவிலும் குடியேறி, இன்று நம் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"நயினார் வீட்டுக்காரர் நீங்கள், இறைச்சிக் கடை வரலாறு எழுதலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஊன் உண்ணாதவன் என்ற நிலையில் நின்றே எழுதுகிறேன். நாற்பது ஆண்டாகப் பாத்திர வாணிகம் செய்பவனுக்கு, ஓர் உணவு ஊர் மாறினால் முதலில் தெரிவது அதன் அடுப்பும் கரண்டியும்தான். தவிரவும், இது ஓர் இறைச்சியின் கதை என்பதைவிட, பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் கதை. மும்பையில் வாழும் நமக்கு அது அயல் கதை அல்ல.

பெயர்களின் உறவு

துருக்கி மொழியில் 'தோன்மெக்' என்றால் சுழலுதல். 'டோனர்' என்றால் சுழல்வது. ஆகவே டோனர் கபாப் என்பது சுழலும் சூட்டிறைச்சி. அதே மொழியில் 'செவிர்மே' என்றாலும் சுழற்றுதல், திருப்புதல் என்றே பொருள். அச்சொல்லை அரபு நாவு ஏற்றபோது அது 'ஷவர்மா' ஆயிற்று. கிரேக்கர் சொல்லும் 'யீரோஸ்' என்பதற்கு வட்டம், சுற்று என்று பொருள். ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் கைரோஸ் என்கிறோம். கிரேக்கர் நாவில் அது யீரோஸ்தான். ஆக மூன்று மொழி, மூன்று பெயர், பொருள் ஒன்றே. மூன்றிலும் ஆடும் இல்லை, மாடும் இல்லை, கோழியும் இல்லை. சுழற்சி மட்டுமே உண்டு. இந்தக் குறிப்பை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

படுத்த காழும் நின்ற காழும்

கம்பியில் கோத்து இறைச்சி சுடுவது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அல்ல. தீயும் கூரிய குச்சியும் இருந்த இடமெல்லாம் அது இருந்தது. கரிகாலன் பொருநனுக்கு அளித்த விருந்தில் கம்பியில் சுட்ட ஊன் பரிமாறப்பட்டதைப் பொருநராற்றுப்படை பாடுகிறது. 'காழ்' என்பது அக்கம்பிக்குப் பழந்தமிழ்ப் பெயர். இதைக் கொண்டு "டோனரும் தமிழன் கண்டதே" என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், வரலாறு கிடைக்காது. சுட்டது பொது. காழை நிமிர்த்தி நிறுத்தியதுதான் புதுமை.

உதுமானியப் பேரரசில் 17ஆம் நூற்றாண்டிலேயே இறைச்சித் துண்டுகளை அடுக்கிக் கோத்து, கிடையாகப் படுக்க வைத்த காழில் சுழற்றிச் சுடும் வழக்கம் இருந்தது. கிழக்குத் துருக்கியில் எர்சுரும் பகுதியில் 'ஜா கபாப்' என்ற பெயரில் இந்தப் படுத்த வகை இன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாரோ காழை நிமிர்த்தினார்கள். யார் அவர்? கஸ்தமோனு ஊரார் 1830களில் வாழ்ந்த ஹம்தி என்ற சமையல்காரரைச் சொல்வார்கள். புர்சா நகரத்தார் 1867இல் இஸ்கந்தர் எஃபெந்தி என்பவர் செய்தார் என்பார்கள். அவர் பெயரால் வழங்கும் இஸ்கந்தர் கபாபில், துண்டு செய்த ரொட்டியின் மேல் இறைச்சிச் சீவல்களைப் பரப்பி, தக்காளிச் சாறும் உருக்கிய வெண்ணெயும் விட்டு, பக்கத்தில் தயிர் வைப்பார்கள்.

இவ்வழக்கில் நமக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆங்கிலேயர் இஸ்தான்புல் நாணயச்சாலையில் அச்சுச் செதுக்குநராக வேலை பார்த்தவர், புகைப்படக் கலைஞரும்கூட. 1855ஆம் ஆண்டளவில் அவர் எடுத்த ஒரு படத்தில் நிமிர்ந்த காழும் பக்கத்தில் கபாப்காரரும் தெளிவாகத் தெரிகிறார்கள். 1855லேயே படத்தில் இருந்த ஒன்றை 1867இல் ஒருவர் முதன்முதலாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகையால் இஸ்கந்தர் எஃபெந்தி அதைப் புகழ்பெறச் செய்தவர் என்று கொள்வதே முறை.

நிமிர்த்தியதால் என்ன ஆதாயம்? பாத்திரக்காரன் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். படுத்த காழில் கொழுப்பு உருகி நேரே தணலில் விழும். புகையும், குப்பென்று எரியும், கொழுப்பும் வீண். நின்ற காழில் தணல் பக்கவாட்டில் அடுக்கடுக்காக நிற்கிறது. உருகிய கொழுப்பு மேலடுக்கிலிருந்து கீழடுக்கு வழியாக இறங்கி இறைச்சியை நனைத்துக்கொண்டே வருகிறது. தணலுக்கு எதிரே வரும் மேற்புறம் மட்டும் வெந்து முறுகும். கடைக்காரர் அதை மட்டும் நீண்ட கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவுவார். உள்ளே வேகாத பகுதி அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். ஒரே அடுக்கை வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை ஒவ்வொருவருக்கும் சுடச்சுடக் கொடுக்கலாம். வாணிகத்திற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பின்னர் காண்போம்.

அகதிகள் சுமந்த உணவு

1923ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி துருக்கியில் வாழ்ந்த கிரேக்கக் கிறித்தவர் கிரேக்கத்திற்கும், கிரேக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக மாற்றப்பட்டனர். முன்னரே ஓடிவந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் பேர் கிரேக்கம் வந்தார்கள். 4 லட்சம் பேர் வரை துருக்கி போனார்கள். கேட்டது மொழியை அல்ல, மதத்தை. துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்த கிறித்தவரும் கிரேக்கர் ஆனார்கள்.

இப்படி வந்தவர்கள் வீட்டைக் கொண்டுவர முடியவில்லை, நாக்கைக் கொண்டுவந்தார்கள். அனத்தோலியாவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் வந்தவர்களால் சுழல் காழ் கிரேக்கத்தில் வேரூன்றியது. அங்கே அதற்குப் பெரும்பாலும் பன்றி இறைச்சி, மேலே தக்காளி, வெங்காயம், வறுத்த உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள சாசிகி. சாசிகி என்பது வேறொன்றுமில்லை, துருக்கியரின் 'ஜாஜிக்', நம் பாஷையில் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி.

கிரேக்கத்திலும் முதலில் அதை டோனர் என்றுதான் அழைத்தார்கள். 1974இல் சைப்ரஸ் தீவில் துருக்கிப் படை இறங்கியது. அந்தக் கசப்பில் துருக்கிப் பெயர்கள் கிரேக்க நாவில் உறுத்தின. 'துருக்கிக் காப்பி' 'கிரேக்கக் காப்பி' ஆனதும், டோனர் என்ற சொல் பின்வாங்கி யீரோஸ் என்ற மொழிபெயர்ப்பு நிலைத்ததும் அக்காலத்தில்தான். பெயரை மாற்றினார்கள், பொருளை மாற்ற முடியவில்லை. சுழல்வது என்பதைச் சுழல்வது என்றே தம் மொழியில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கடல் கடந்த கிளைகள்

லெபனான் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் பலர் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தனர். 1930களில் பூவெப்லா நகரில் 'அரபு டாக்கோ' தோன்றியது. சுழல் காழில் சுட்டதைத் தட்டை ரொட்டியில் சுற்றிக் கொடுப்பது. பிறகு அது மெக்சிகோ நகரம் போய், ஆட்டிறைச்சி இருந்த இடத்தில் பன்றி இறைச்சியும், ரொட்டி இருந்த இடத்தில் சோள அடையும் வந்து, சிவப்பு வண்ண மசாலா பூசி, காழின் உச்சியில் ஓர் அன்னாசிப்பழமும் ஏறிற்று. பெயர் 'அல் பாஸ்தோர்', அதாவது ஆட்டிடையர் முறை. ஆடு போன பின்னும் இடையர் பெயரில் தங்கிவிட்டார்!

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1970களின் தொடக்கத்தில் ஒரு கிரேக்கக் குடியேறி யீரோஸ் விற்றுப் பார்த்தார். ஊரார் நாக்குக்குப் பிடிக்கவில்லை. மாட்டிறைச்சிக்கு மாறி, பாலும் சர்க்கரையும் காடியும் பூண்டும் கலந்த இனிப்புச் சாறு ஒன்றைச் செய்தார். 'டொனேர்' என்ற அந்த உணவை 2015இல் அந்நகர மன்றம் தன் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. கடைக்காரர் வாடிக்கைக்காரர் நாக்கைப் பார்த்துத்தான் கரண்டி பிடிப்பார். நம் தோசை மும்பைக்கு வந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அப்பிக்கொண்டு 'ஜினி தோசை' ஆனது வேறு எதனால்?

பெர்லின் நகரில்

1961 ஆகஸ்டில் பெர்லினுக்கு நடுவே சுவர் எழுந்தது. கிழக்கிலிருந்து வந்த தொழிலாளர் வரத்து நின்றுபோயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 30இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. வந்தவர்களுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. விருந்தாளி என்றால் ஒருநாள் போய்விட வேண்டியவர் என்று அர்த்தம். 1973 நவம்பரில் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். ஆனால் இருந்தவர்கள் போகவில்லை. மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். ஆலை வேலை சுருங்கியபோது பலர் சிறு கடை வைத்தார்கள்.

அக்கடைகளின் சரக்கு டோனர். காதிர் நூர்மன் என்பவர் 1933இல் இஸ்தான்புல்லில் பிறந்து 1960இல் ஜெர்மனி வந்தவர். 1972இல் மேற்கு பெர்லின் 'சூ' ரயில் நிலையத்துக்கு எதிரே, வேலைக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டே தின்னட்டும் என்று ரொட்டிக்குள் இறைச்சிச் சீவலை வைத்து விற்றார். அவருக்கு முந்தியே நாங்கள் விற்றோம் என்போரும் உண்டு. ஐரோப்பியத் துருக்கி டோனர் தயாரிப்பாளர் சங்கம் 2011இல் நூர்மனைப் பாராட்டியது. 2013இல் அவர் காலமானார். அவர் காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. தட்டில் உட்கார்ந்து உண்ட உணவைக் கையில் ஏந்தும் உணவாக்கியது உழைப்பாளியின் அவசரம். வடா பாவ் தின்றபடி ரயிலுக்கு ஓடும் ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெயரே பழியானபோது

2000 முதல் 2006 வரை ஜெர்மனியின் பல நகரங்களில் ஒன்பது சிறு வணிகரும் தொழிலாளரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். எண்மர் துருக்கி வழியினர், ஒருவர் கிரேக்கர். பூ விற்றவர், தையல்காரர், காய்கறி விற்றவர் எல்லாம் அதில் உண்டு. டோனர் கடையில் கொல்லப்பட்டவர் இருவரே. ஆனாலும் பத்திரிகைகள் 'டோனர் கொலைகள்' என்று தலைப்பிட்டன. காவல் துறையோ இறந்தவர்களின் குடும்பத்தாரையே ஆண்டுக்கணக்கில் ஐயுற்றது. 2011 நவம்பரில்தான் உண்மை வெளிவந்தது. செய்தது ஒரு நாஜிக் கும்பல். 2007இல் ஒரு பெண் காவலரைக் கொன்றதும் அவர்களே. 'டோனர் கொலை' என்ற சொல் 2011ஆம் ஆண்டின் 'தகாத சொல்' என ஜெர்மன் மொழியறிஞர் குழுவால் கண்டிக்கப்பட்டது. மனிதனை அவன் விற்கும் பண்டத்தின் பெயரால் அழைத்தால், அவன் சாவும் மலிவாகிவிடுகிறது என்பதே அவர்கள் சொன்னதின் சாரம்.

1960களின் பிற்பகுதியில் இதே மும்பையில் தென்னாட்டவருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, நம் லுங்கியும் நம் பேச்சின் ஓசையும் கேலிப் பெயர்களாயின. உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. கல்லெறிந்த கையும் மறுநாள் இட்லிக்கு நீண்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உணவை ஏற்றுக்கொள்வது எளிது. ஆளை ஏற்றுக்கொள்ள இன்னும் ஒரு தலைமுறை பிடிக்கும்.

யாருக்குச் சொந்தம்?

2022இல் துருக்கியின் ஒரு கூட்டமைப்பு, டோனரை மரபுச் சிறப்புணவாகப் பதிவு செய்யுமாறு ஐரோப்பிய ஒன்றியத்திடம் விண்ணப்பித்தது. மாட்டின் வயது, சீவலின் கனம், கத்தியின் நீளம் வரைக்கும் அதில் வரையறை. அது நிறைவேறியிருந்தால் ஜெர்மனியில் விற்கும் பெரும்பாலான டோனர் அப்பெயரை இழந்திருக்கும். 2024இல் ஜெர்மனி ஆட்சேபித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் துருக்கி சென்றபோது 60 கிலோ டோனரை பெர்லினிலிருந்து விமானத்தில் கொண்டுபோனார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். 2025இல் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. என் எளிய கருத்து இது: பிறந்த வீட்டுக்குப் பெருமை உண்டு; புகுந்த வீட்டுக்கும் உரிமை உண்டு.

நம் நாட்டில்

வளைகுடா சென்று திரும்பிய நம்மவர் வழியே ஷவர்மா கேரளத்திலும் ஐதராபாத்திலும் தமிழகத்திலும் பரவியது. ஆட்டுக்குப் பதில் கோழி. எள் சாறுக்குப் பதில் மயோனைஸ். முன்னே சொன்ன ஆபத்து இங்கேதான் வந்தது. சுழல் காழில் மேற்புறம்தான் வெந்தது, உள்ளே பச்சை. வாடிக்கைக்காரர் நிற்கிறார் என்று ஆழமாகச் சீவினாலோ, அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றினாலோ, வேகாத கோழி ரொட்டிக்குள் போய்விடும். பச்சை முட்டை மயோனைஸ் வெயிலில் நின்றால் அதுவும் நஞ்சு. 2022இல் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவியும், 2023இல் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் ஷவர்மா உண்டபின் இறந்தனர். பச்சை முட்டை மயோனைஸுக்குக் கேரளம் 2023இலும், தெலங்கானா 2024இலும், தமிழ்நாடு 2025இல் ஓராண்டுக்கும் தடை விதித்தன.

தாராவிப் பக்கம் ஓட்டல் வைத்திருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர், "அண்ணாச்சி, எல்லாச் சாமானும் ஒங்ககிட்டத்தான் வாங்குதேன், அந்த ஷவர்மா அடுப்பு மட்டும் ஏன் வைக்க மாட்டேங்கீய?" என்றார். "தம்பி, அது என் விரதம், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள். சீவியதை மறுபடி கல்லில் போட்டு வேகவைத்துவிட்டுக் கொடுங்கள்" என்றேன். கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூடு பெற வேண்டும் என்பது உணவு நூலார் கணக்கு.

வீட்டில் செய்வது எப்படி?

வீட்டில் சுழல் காழ் கிடையாது. ஆனால் அது தரும் பயன் இரண்டே: மெல்லிய சீவல், முறுகிய மேற்புறம். இந்த இரண்டையும் வேறு வழியில் பெறலாம். இறைச்சி உண்ணும் நண்பர்கள் மெல்லிய துண்டுகளைத் தயிரிலும் மசாலாவிலும் ஊறவைத்து, ரொட்டி அச்சில் நெருக்கமாக அடுக்கி, சூட்டடுப்பில் முழுக்க வேகவைத்து, ஆறியதும் மெல்லியதாகச் சீவி, தோசைக்கல்லில் முறுக விடுகிறார்கள். அடுக்கு முழுதும் முன்னரே வெந்துவிடுவதால் கடையைவிட இது பத்திரம்.

எங்கள் வீட்டில் செய்வது பனீரும் வாழைக்காயும். வாழைக்காயை அரைவேக்காடு வேகவைத்து நீளவாக்கில் சீவிக்கொள்ள வேண்டும், பனீரையும் அப்படியே. தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், மிளகு, சீரகம், மிளகாய்த்தூள், உப்பு, பூண்டுக்குப் பதில் பெருங்காயம், எலுமிச்சைச் சாறு, எண்ணெய் ஆகியவற்றில் ஒரு மணி நேரம் ஊறட்டும். மேல்நாட்டார் போடும் தைம் இலைக்கு நம் ஓமம் நல்ல மாற்று. இரண்டின் மணத்துக்கும் காரணம் தைமால் என்ற ஒரே பொருள்தான். கல்லை நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரு புறமும் முறுக விட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நீர்விட்டுக் கூட்டு ஆகிவிடும். கோதுமை மாவில் தயிர் விட்டுப் பிசைந்து தடித்த ரொட்டி சுட்டு, தக்காளியும் கோசும் நறுக்கி வைத்துச் சுற்றினால் முடிந்தது. சாசிகிக்கு வெள்ளரியைத் துருவி உப்பிட்டுப் பிழிந்து, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் புதினாவோடு கலக்கலாம். கொண்டைக்கடலையில் செய்யும் ஃபலாஃபெல் வைத்தால், பருப்போடு தயிர் சேர்க்காத நோன்புடையோர் எள் அரைத்த தஹினியைத் தொட்டுக்கொள்ளலாம். பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடிப்பது எங்கள் வழக்கம்.

மாக்கோழி என்னும் கேள்வி

இங்கே ஒரு தடை எழும். ஊன் உணவின் வடிவில் காய்கறியைச் செய்து உண்பது தகுமா? ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் இதைத்தான் பேசுகிறது. யசோதரன் உயிர்க்கொலைக்கு அஞ்சினான். ஆனால் தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால், மாவினால் ஒரு கோழி செய்து தேவிக்குப் பலியிட்டான். கொன்றது மாவைத்தான், ஆயினும் கொல்லும் எண்ணம் நிஜம். தாயும் மகனும் நாயாகவும் மயிலாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவி எடுத்து அல்லலுற்றனர்.

சந்தையில் இன்று சோயாவில் ஆட்டுக்கறி மணமும் நாரும் வரும்படி செய்த பொட்டலங்கள் கிடைக்கின்றன. என் பேரன், "தாத்தா, இதில் உயிர் எதுவும் இல்லையே?" என்கிறான். உயிர் இல்லை, உண்மை. ஆனால் ஆடு என்று எண்ணிக்கொண்டு கடித்தால் அது மாக்கோழியே என்பது என் துணிபு. அதை எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. பனீர் யீரோஸ் அப்படியன்று. பனீரைப் பனீர் என்றே அறிந்து உண்கிறோம். கடன் வாங்கியது முறையை, உயிரை அல்ல. தொடக்கத்தில் சொன்ன பெயர் ஆய்வு இங்கே உதவுகிறது. டோனர், யீரோஸ், ஷவர்மா மூன்றும் பொரியல், அவியல் போன்ற செய்கைப் பெயர்கள். ஊன் அப்பெயர்களின் உள்ளே இல்லை. எனவே நாம் எடுத்துப் புழங்கத் தடையுமில்லை. பேரன் இதை முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பாவிட்டாலும் யசோதர காவியத்தின் கதையைக் கேட்டு வைத்திருக்கிறான். எனக்கு அது போதும்.

முடிவுரை

கபாப்காரர் ஊர் மாறிய இடமெல்லாம் இறைச்சி மாறியது, ரொட்டி மாறியது, சாறு மாறியது, பெயரும் மாறியது. சுழற்சி ஒன்று மட்டும் மாறவில்லை. வெளியூரில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: நம்மிடம் மாறக்கூடியவை எவை, மாறக்கூடாதது எது? உடையும் பலகாரமும் மாறட்டும். எங்களைப் பொறுத்தவரை கொல்லாமையும், நம் எல்லோரையும் பொறுத்தவரை தமிழும் அந்த மாறாத காழாக நடுவில் நிற்கட்டும். மற்றவை அதைச் சுற்றிச் சுழன்றால் குற்றமில்லை.